கண்களின் ஈரத்தைக் காப்போம்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அங்குள்ள தொழிற்சாலைகளில், பறித்த கொழுந்தை முதலில் வாட்டுகிறார்கள். நீண்ட தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அதனூடே காற்றைச் செலுத்துகிறார்கள். பல மணி நேரத்தில் கொழுந்தின் ஈரம் பெரிதும் குறைகிறது. கைத்தொலைபேசியை இமைகொட்டாமல் பார்த்துக் கொண்டிருப்பவரின் கண்ணிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது.

நம் கண்ணின் மேற்பரப்பை மெல்லிய கண்ணீர்ப் படலம் எந்நேரமும் மூடியுள்ளது. அதன் அடியில் வழவழப்பான சளிப்பொருளும், நடுவில் நீரும், மேலே அந்நீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெயும் உள்ளன. இவ்வெண்ணெய் இமை விளிம்பிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இப்படலம் புதிதாகப் பூசப்படுகிறது.

சாதாரணமாக நாம் நிமிடத்திற்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையை உற்று நோக்கும்போது இது பாதிக்கும் கீழாகக் குறையக்கூடும். அதனால் படலம் ஆங்காங்கே கலைந்து, கண் உலர்கிறது. எரிச்சல், மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், சிவப்பு, பார்வை மங்கித் தெளிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்குக் கண்ணீர் வழிவதும் உண்டு. உலர்ந்த கண் எரிச்சலுற்றுச் சுரக்கும் நீரே அது.

விடியுமுன் தலைவிளக்கின் ஒளியில் பால்மரம் வெட்டுவோருக்குப் பார்வைத் தெளிவு இன்றியமையாதது. கண் மங்கினால் கத்தி ஆழமாக இறங்கி மரம் காயப்படும், கையும் காயப்படலாம். ஆகவே, இரவில் நெடுநேரம் திரை பார்ப்போர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்:

1. 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 விநாடி நோக்குங்கள். அப்போது சில முறை இமைகளை முழுமையாக மூடித் திறவுங்கள்.

2. திரையைக் கண்மட்டத்திற்குச் சற்றுத் தாழ்வாக வைத்துக் கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாதவாறு அமருங்கள்.

3. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை, மூடிய இமைகளின்மீது சில நிமிடங்கள் வையுங்கள். சுரப்பிகளில் உறைந்த எண்ணெய் இளகும்.

4. கண்ணைக் கசக்காதீர்கள். தாய்ப்பால், இலைச்சாறு ஆகியவற்றையோ, பிறருக்குக் கொடுத்த சொட்டு மருந்தையோ கண்ணில் விடாதீர்கள்.

கடும் வலி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், பார்வைக் குறைவு ஆகியவை தோன்றினால், காலந்தாழ்த்தாமல் அரசாங்க மருத்துவமனையை நாடுங்கள். நீரிழிவு உள்ளோருக்குக் கண் வறட்சி எளிதில் ஏற்படும். அவர்கள் ஆண்டுதோறும் கண்களைப் பரிசோதித்துக் கொள்வது அவசியம்.

திரையை அறவே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அளவோடு பார்ப்பதும், இமைக்க மறவாதிருப்பதும், நேரத்தோடு உறங்குவதும் உழைக்கும் கண்களுக்கு நாம் செய்யும் உதவியாகும்.