பிஸ்கோத்துக் கோலமும் அதன் கணக்கும்

பிறந்தநாள் என்றால் எண்ணெய் நீராட்டும், கோயில் அருச்சனையும், ஒரு குவளை பாயசமுமே நம் பெற்றோர் அறிந்தவை. மும்பை போன்ற பெருநகரங்களில் குடியேறிய நம் இல்லங்களில் கேக் வெட்டும் வழக்கமும் புகுந்து நிலைத்துவிட்டது. இப்பொழுது கேக்கிற்குத் துணையாகச் சித்திர பிஸ்கோத்து வந்திருக்கிறது. குழந்தையின் பெயர், வயது, அது விரும்பும் யானை, மயில், ரயில் வண்டி ஆகியவற்றை வண்ணச் சர்க்கரைப் பூச்சினால் எழுதி, விருந்தினருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தனுப்புகிறார்கள். குடியிருப்புச் சிறுவர்களின் கிரிக்கெட் அணி வென்றால் சட்டை வடிவில் எண்ணிட்ட பிஸ்கோத்து. அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றால் பிரிவுபசாரத் தேநீருடன் அவர் பெயரிட்ட பிஸ்கோத்து. நாம் அறிந்தவரையில் இவற்றைச் செய்து தருவோர் பெருங்கடைக்காரர் அல்லர். நம்மைப் போன்ற குடும்பங்களின் பெண்மணிகளே. ஆகவே இக்கலையைப் பற்றியும், அதற்குரிய கூலிக் கணக்கைப் பற்றியும் சங்க அன்பர்களோடு சிறிது பேச விரும்புகிறோம்.

இது மேனாட்டு வழக்கம். ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகரில், தேனும் மசாலையும் சேர்த்த பண்ணியம் சுடுவோர் 1643ஆம் ஆண்டிலேயே தமக்கென ஒரு சங்கம் கண்டனர். கிரிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட கதைகளில் வரும் தின்பண்ட வீட்டை நம் குழந்தைகளும் அறிவர். முட்டை வெண்கருவையும் பொடித்த சர்க்கரையையும் அடித்துச் செய்யும் பூச்சுக்கு 'ராயல் ஐசிங்' என்று பெயர்; 1840இல் நடந்த விக்டோரியா அரசியின் திருமணக் கேக்கோடு அப்பெயரை இணைத்துச் சொல்வர். ஆயினும் சர்க்கரையில் உருவம் செய்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. கன்னட நாட்டில் சங்கராந்திக்கு மர அச்சில் பாகு ஊற்றி எடுக்கும் 'சக்கரெ அச்சு' உண்டு. மராட்டியத்திலோ எள்ளின் மேல் சர்க்கரை ஏற்றிய மணிகளைக் கோத்து, குழந்தைகளுக்கும் புதுமணப் பெண்களுக்கும் அதே விழாவில் நகையாக அணிவிப்பர். வரலாறு இவ்வளவு போதும்.

நம் பெண்மணிகளுக்கு இக்கலை விரைவில் கைவருவதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. கோலம் இட்ட கை அது. இழைக் கோலத்தில் அரிசி மாவுக் கரைசல் விரல் வழியே இடைவிடாது ஒழுக வேண்டும். நின்றால் பொட்டு விழும், விரைந்தால் இழை அறும். பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுற்றி, நுனியை நறுக்கி, ஐசிங்கைப் பிழியும்பொழுதும் அதே விதிதான். மருதாணிக் கூம்பைப் பிடித்துப் பழகிய பெண்களுக்கு இன்னும் எளிது. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஆறாம் மாடியில் வாசல் ஏது, கோலம் ஏது என்று ஏங்கிய கைகளுக்கு மூன்று அங்குலப் பிஸ்கோத்து ஒரு வாசலாக அமைந்தது நமக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

முதலில் பிஸ்கோத்து. எடையில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு என்பது நெடுங்கால அளவு. 100 கிராம் சர்க்கரைக்கு 200 கிராம் வெண்ணெயும் 300 கிராம் மைதாவும் ஆகும். ஏறத்தாழ 20 பிஸ்கோத்து தேறும். சோடா உப்பு சேர்த்தல் ஆகாது. சேர்த்தால் மாவு உப்பிப் பரவி, வெட்டிய வடிவம் கெட்டுவிடும், யானை எருமையாகிவிடும். மாவை அரை அங்குலத்தில் பாதிக் கனமாகத் தேய்த்து வெட்டி, தட்டோடு குளிர்ப்பெட்டியில் வைத்து இறுகச் செய்து, பின்னர் 175 டிகிரி சூட்டில் ஓவனில் இடுக. ஓரம் இலேசாகச் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். முற்றிலும் ஆறிய பின்னரே பூச்சு.

பூச்சில்தான் வித்தை இருக்கிறது. ஐசிங் இரண்டு பதத்தில் வேண்டும். கரை கட்டுவதற்குக் கெட்டியானது. உட்புறம் நிரப்புவதற்கு இளகியது. இளகியதன் பதத்தைக் கத்தியால் சோதிக்கலாம்: கிண்ணத்தில் ஒரு கீறல் இட்டு எண்ணத் தொடங்கினால், 15 முதல் 20 எண்ணுவதற்குள் கீறல் மறைய வேண்டும். அதற்கு முன்பே மறைந்தால் நீர் மிகுதி, கரையைத் தாண்டி வழியும். மறையாவிட்டால் மேடுபள்ளமாக நிற்கும். நிரப்பியவுடன் ஊசி முனையால் குமிழிகளைக் குத்திவிட வேண்டும். சர்க்கரையை வீட்டில் அரைத்தால் இருமுறை மெல்லிய துணியில் சலித்தே ஆகவேண்டும். ஒரு பருக்கை போதும் கூம்பின் வாயை அடைக்க.

இனி உலர்த்தல். மும்பையில் மார்கழி, தை மாதங்களில் மாலை நிரப்பிய பிஸ்கோத்து மறுநாள் காலை காய்ந்திருக்கும். மழைக்காலத்திலோ கதை வேறு. சர்க்கரை காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஆடி மாதத்து ஈரக் காற்றில் ஒரு முழுநாள் ஆயினும் பிசுபிசுப்பு நீங்காது; சிவப்பு நிறம் பக்கத்து வெள்ளையில் கசிந்து இறங்கும். விசிறியை நேரே ஓடவிட்டு, ஒரு நிறம் நன்கு காய்ந்த பின்பே அடுத்ததை இடுவது ஒன்றே வழி. காய்ந்துவிடும் என்று நம்பிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்ததும் வியர்த்து எல்லாம் பாழாகும். நிறம் காயக் காய அடர்த்தியாகும் என்பதையும் மறத்தல் கூடாது. கலக்கும்பொழுது ஒரு படி வெளிறியதாகவே இருக்கட்டும்.

முட்டையைப் பற்றி ஒரு சொல். பச்சை வெண்கருவில் நோய்க்கிருமி இருக்கக்கூடும். குழந்தைகள் உண்ணும் பண்டத்தில் அதைத் தவிர்ப்பதே நன்று. கடையில் விற்கும் வெண்கருப் பொடி பாதுகாப்பானது, ஆனால் அதுவும் முட்டையே. நம்மவருள் பலரும், மும்பை அலுவலகங்களில் நம்மோடு பணியாற்றும் குஜராத்தி, சமண நண்பர்களும் அதைத் தொடார். 2014-15 ஆண்டுகளில் மேனாட்டார் ஓர் உபாயம் கண்டு பரப்பினர்: கொண்டைக்கடலை வேகவைத்த நீரைச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து அடித்தால் வெண்கருவைப் போலவே நுரைத்துப் பொங்குகிறது. அரைக் கிலோ சர்க்கரைப் பொடிக்கு ஏறத்தாழ ஆறு மேசைக்கரண்டி, சிறிது சிறிதாக. வெள்ளிக்கிழமைச் சுண்டலுக்குக் கடலை வேகவைத்து நீரைக் கொட்டிய நம் பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள்.

நிறம் வாங்குமிடத்தும் கவனம் தேவை. பெட்டியில் தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத சில்லறைப் பொடிகளைத் தொட வேண்டா. துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததால் பஞ்சுமிட்டாய்க்குத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை விதித்ததை அன்பர்கள் அறிவார்கள்.

பிஸ்கோத்தின் மேல் பெயரை எந்த எழுத்தில் எழுதுவது? ஆங்கில எழுத்தையே பெரும்பாலோர் கேட்கிறார்கள். நாம் பழகியவரையில் தமிழ் எழுத்து ஐசிங்குக்கு மிகவும் இசைந்தது. நேர்க்கோட்டில் கை நடுக்கம் உடனே தெரிந்துவிடும். வளைவு அதை மறைத்துவிடும். ஆகையால் 'ட'வும் 'ப'வும் கடினம், 'ண'வும் 'ழ'வும் எளிது! மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் இறுதியில், கூம்பைச் செங்குத்தாகப் பிடித்து இட வேண்டும். சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் பிறந்தநாளுக்கு, வந்த குழந்தைகள் அனைவர் பெயரும் தமிழில் எழுதப்பட்டன. பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளைகள் அவர்கள். தத்தம் பிஸ்கோத்தைத் தாமே கண்டுபிடித்து எடுக்க வேண்டும் என்று அவன் தாயார் சொல்லிவிட்டார். பிறந்தநாள் பிள்ளையே தன் பெயரைக் கண்டுகொள்ள வெகுநேரம் தடுமாறினான். கண்டபின் அதை உண்ண மறுத்துவிட்டான். எறும்பு வரும் வரையில் அது அவன் மேசையில் இருந்தது.

இனிக் கணக்கு. ரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நாம் பிறருடைய கூடுதல் நேரப் படியை நிமிடம் தவறாமல் எழுதுகிறோம். வீட்டில் உழைக்கும் நேரத்துக்கு ஏடு ஏதும் இல்லை. ஒருமுறை எழுதிப் பார்ப்போம். 40 பிஸ்கோத்து என்று கொள்க. மாவு பிசைதல் அரை மணி. தேய்த்து வெட்டிச் சுடுதல் இரண்டு மணி. ஐசிங் அடித்து நிறம் பிரித்தல் ஒரு மணி. கரையும் நிரப்பும் ஒன்றுக்கு நான்கு நிமிடமாக 2 மணி 40 நிமிடம். எழுத்தும் சித்திரமும் ஒன்றுக்கு மூன்று நிமிடமாக 2 மணி. உறையிடுதல் ஒரு மணி. பாத்திரம் அலம்புதல் அரை மணி. ஆகக் கூடுதல் 9 மணி 40 நிமிடம். காயும் நேரம் இதில் சேராது. பொருளுக்கும் உறைக்கும் மின்சாரத்துக்கும் 450 ரூபாய் என வைத்து, ஒன்றை 20 ரூபாய்க்குக் கொடுத்தால் மிஞ்சுவது 350 ரூபாய். மணிக்கு ஏறத்தாழ 36 ரூபாய்தான் கூலி. ஒன்று 60 ரூபாய் என்றால் மணிக்கு ஏறத்தாழ 200 ரூபாய். இரண்டாவதே நியாயம் என்பது நம் கருத்து.

நமக்குத் தெரிந்த மதுரைச் சகோதரி ஒருவரிடம் ஓர் அலுவலகத்தார் பிரிவுபசாரத்துக்காகப் பிஸ்கோத்து கேட்டனர். விலையைச் சொன்னதும், "மாவும் சர்க்கரையும்தானே அக்கா! கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு பொட்டலம் கிடைக்கிறதே" என்றார்களாம். அவர் கூச்சத்தால் பாதி விலைக்கு இசைந்து, இரண்டு இரவு கண்விழித்தார். இப்பொழுது மேற்கண்டவாறு மணிக்கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்; கேட்போரிடம் அதை நீட்டிவிடுகிறார். சிலர் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் பேரம் பேசுவதில்லை. தோழியருக்கும் உறவினருக்கும் அன்பளிப்பாகச் செய்வது வேறு. அங்கே தாளை நீட்ட வேண்டியதில்லை.

விற்பனை என்று வந்துவிட்டால் சட்டமும் வரும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் செய்து விற்போரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவெண் 14 இலக்கம் கொண்டது. முட்டை சேர்ந்த பண்டத்துக்குப் பச்சைக் குறி இடலாகாது. அரசுப் பணியாளர் இல்லங்களுக்கு மற்றொன்றும் உண்டு. 1966ஆம் ஆண்டின் ரயில்வே நடத்தை விதிகளின்படி, குடும்பத்தார் தொழில் நடத்தினால் பணியாளர் அதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மனைவியின் தொழிலுக்காகக் கணவர் அலுவலகத்தில் ஆள் பிடிப்பதும் முறையன்று. ஆதலால் அன்பர்களே, உங்கள் மேசையருகே வந்து "வீட்டில் சொல்லி நாற்பது பிஸ்கோத்து வாங்கித் தாருங்கள்" என்று கேட்போரிடம் இல்லத்தரசியின் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, விலை பேசுவதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

கொண்டு சேர்ப்பது பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொன்றையும் தனி உறையிலிட்டு ஒட்டி, அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல், இடையே தாளைக் கசக்கி வைத்தல் வேண்டும். பிரிவுபசாரம் மாலை நான்கு மணிக்கென்றால் நண்பகலில் புறநகர் ரயிலில் ஏறிவிடலாம். காலைக் கூட்டத்தில் நாற்பது பிஸ்கோத்துடன் ஏறியவர் எத்தனையுடன் இறங்குவார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. இடம் கிடைத்தால் பெட்டியை மேல் தட்டில் வையாமல் மடியில் வைத்துக்கொள்க.