மீன் பிடித்தவர் எத்தனை பேர்? வீட்டம்மாளைக் கேளுங்கள்!

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. இடுப்பில் குழந்தை அழுகிறது. அந்தச் சமயம் பார்த்து டெலிபோன் மணி அடிக்கிறது. "உங்கள் வீட்டுக்காரர் போன வருஷம் எத்தனை தடவை சினிமாவுக்குப் போனார், அம்மா?" என்று யாரோ கேட்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? "பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடுவீர்கள். உண்மையில் அவர் போனது எட்டுத் தடவைதான். பாக்கி நாலும் அதற்கு முந்திய வருஷத்துக் கணக்கு!

"இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறீர்களா? நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்காவில் இதே மாதிரிக் கேள்வியைச் சர்க்காரே கேட்கிறது. சினிமாவைப் பற்றி அல்ல. தூண்டில் போடுவதையும் வேட்டையாடுவதையும் பற்றி. அந்தப் பதில்களைக் கூட்டிப் பெருக்கித்தான், தேசத்தில் இந்தப் பொழுதுபோக்கு வளர்கிறதா தேய்கிறதா என்று முடிவு கட்டுகிறார்கள்.

"உயிரைக் கொல்வதும் ஒரு பொழுதுபோக்கா?" என்று சில சகோதரிகள் முகம் சுளிப்பது தெரிகிறது. நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்துச் சட்டம் வேட்டையை ஏறக்குறைய முழுவதுமே தடுத்துவிட்டது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே காட்டையும் சதுப்பு நிலத்தையும் காப்பாற்றும் பணத்தில் கணிசமான பகுதி வேட்டைக்காரனின் பையிலிருந்தும் தூண்டில்காரனின் பையிலிருந்தும்தான் வருகிறது.

அஞ்சறைப் பெட்டிப் பணம்

1937-ல் பிட்மன் என்ற செனட்டரும் ராபர்ட்ஸன் என்ற பிரதிநிதியும் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவிகித வரி, வன விலங்குகளின் நன்மைக்கே செலவாக வேண்டும் என்பது ஏற்பாடு. 1950-ல் தூண்டில் சாமான்களுக்கும் இதே போல ஒரு சட்டம் வந்தது.

வசூலான பணத்தை ராஜ்யங்களுக்கு எப்படிப் பங்கு போடுவது? வேட்டைப் பணத்தில் பாதி, ராஜ்யத்தின் பரப்பைப் பார்த்து. மறு பாதி, அங்கே பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிய வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையைப் பார்த்து. மீன் பணத்தில் பரப்புக்கு 40 பங்கு, லைசென்ஸுக்கு 60 பங்கு. இன்னொரு நிபந்தனையும் உண்டு. லைசென்ஸ் கட்டணத்தை ராஜ்ய சர்க்கார் வேறு காரியத்துக்குத் தொடக் கூடாது. அஞ்சறைப் பெட்டியில் மளிகைக்கென்று வைத்த பணத்தை எடுத்துக்கொண்டு புடவைக் கடைக்குப் போகக் கூடாது என்பது போலத்தான்!

ஆகவே தலை எண்ணுவது அங்கே வேடிக்கை விஷயம் அல்ல. ஒரு தலை குறைந்தால் கட்டணமும் குறைகிறது; பங்கும் குறைகிறது.

லைசென்ஸ் சொல்லும் கதை

எண்ணுவதற்கு எளிய வழி லைசென்ஸ் புஸ்தகம். 1982-ல் பணம் கட்டிய வேட்டைக்காரர்கள் சுமார் 1 கோடி 67 லட்சம் பேர் இருந்தார்கள். இப்போது ஒன்றரைக் கோடியைச் சுற்றி நிற்கிறது. "பெரிய வித்தியாசம் இல்லையே!" என்று எண்ண வேண்டாம். இதற்கிடையில் அமெரிக்காவின் ஜனத்தொகை 23 கோடியிலிருந்து 33 கோடிக்கு ஏறிவிட்டது. ஜனங்கள் பட்டணத்தில் குடியேறினார்கள். பழைய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகளுக்கு வேறு பொழுதுபோக்குகள் வந்துவிட்டன. 2020-ல் தொற்று நோய் பரவியபோது மட்டும், வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் வெளிக் காற்றைத் தேடிப் போனதால் லைசென்ஸ் விற்பனை சூடு பிடித்தது.

ஆனால் லைசென்ஸ் புஸ்தகமும் முழுக் கதையைச் சொல்லாது. பல ராஜ்யங்களில் சிறுவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம். சொந்த நிலத்தில் வேட்டையாடுபவருக்கும் வேண்டாம். வேறு சிலரோ லைசென்ஸை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, வருஷம் முழுவதும் ஆபீஸே கதி என்று கிடப்பார்கள்.

ஒருவர் சொல்ல, ஊர் கணக்கு

அதனால்தான் 1955 முதல், சுமார் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, வீடு வீடாக விசாரிக்கிறார்கள். 2011-ல் 48,600 வீடுகளை விசாரித்தார்கள். முதல் சுற்றில் பெரும்பாலும் வீட்டில் ஒருவரே எல்லோருக்குமாகப் பதில் சொல்வார். அந்த ஒருவர் வீட்டம்மாளாக இருந்துவிட்டால், தேசத்தின் புள்ளி விவரமே அவள் வாயில்தான்!

அந்தக் கணக்கில் பெண்களும் இருக்கிறார்கள். அந்த வருஷம் வேட்டையாடியவர்களில் 100-க்கு 11 பேர் பெண்கள். மீன் பிடித்தவர்களில் 100-க்கு 27 பேர்.

இங்கேதான் மனித ஞாபகம் தன் வேலையைக் காட்டுகிறது. ஆரம்ப காலத்தில் ஒரு வருஷக் கதையை ஒரே மூச்சில் கேட்டார்கள். ஜனங்கள் தாராளமாகக் கூட்டிச் சொன்னார்கள். பிடித்த மீன் மட்டுமல்ல, பிடிக்கப் போன நாட்களும் வளர்ந்துவிட்டன! 1991 முதல் சில மாதங்களுக்கு ஒரு தரம் கேட்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதனால் அதற்கு முந்திய கணக்கையும் பிந்திய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது என்றாகிவிட்டது.

சமீபத்துக் கணக்கைப் பாருங்கள். வேட்டைக்காரர்கள் 2011-ல் 1 கோடி 37 லட்சம். 2016-ல் 1 கோடி 15 லட்சம். 2022-ல் 1 கோடி 44 லட்சம். பட்சிகளையும் மிருகங்களையும் பார்த்து ரசிப்பவர்கள் 2016-ல் 8 கோடி 60 லட்சம். 2022-ல் 14 கோடி 80 லட்சம். "அடேயப்பா, என்ன பாய்ச்சல்!" என்று வியக்காதீர்கள். 2022-ல் விசாரித்த ஸ்தாபனமும் வேறு, விசாரித்த முறையும் வேறு. பழைய கணக்கோடு இதை ஒப்பிடக் கூடாது என்று நடத்தியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். தராசை மாற்றிவிட்டு, "கத்தரிக்காய் எடை ஏறிவிட்டது" என்று சொல்லலாமோ?

கேள்வியின் வரிசை

எல்லாவற்றையும் விட ருசியான சங்கதி கடலோரத்தில் நடந்தது. அங்கே கடல் மீன் இலாகா வீடுகளுக்குத் தபாலில் ஒரு படிவம் அனுப்புகிறது. கடந்த இரண்டு மாதத்தில் எத்தனை நாள் மீன் பிடித்தீர்கள் என்று முதலில் ஒரு கேள்வி இருந்தது; கடந்த 12 மாதத்தில் எத்தனை நாள் என்று அடுத்த கேள்வி. கரைக்குத் திரும்புகிறவர்களின் கூடையைப் பார்த்து, ஒரு பயணத்துக்கு எவ்வளவு மீன் என்பதை வேறு ஆட்கள் கணக்கெடுக்கிறார்கள். இரண்டையும் பெருக்கினால் கடலிலிருந்து எடுத்த மீனின் கணக்கு. எந்த மீனை எத்தனை நாள் பிடிக்கலாம் என்று விதிப்பதற்கு அந்தக் கணக்கு ஓர் ஆதாரம்.

2023-ல் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். கேள்விகளை மாற்றவில்லை, வரிசையை மட்டும் மாற்றினார்கள். முதலில் 12 மாதம், பிறகு இரண்டு மாதம். அவ்வளவுதான்! கரையிலிருந்தும் சொந்தப் படகிலிருந்தும் மீன் பிடித்த பயணங்களின் மதிப்பு பொதுவாக 30 முதல் 40 சதவிகிதம் இறங்கிவிட்டது. வருஷக் கதையை முதலில் கொட்டித் தீர்த்தவர்கள், பிறகு இரண்டு மாதத்துக் கதையைச் சரியாகச் சொன்னார்கள் போலும்.

யாரும் பொய் சொல்லவில்லை, சகோதரிகளே. கேட்டவர் கேட்ட விதத்தில் பதில் பிறந்தது. ஆகையால் இனிமேல் பத்திரிகையில் "இத்தனை கோடிப் பேர் கூடினார்கள், இத்தனை லட்சம் பேர் குறைந்தார்கள்" என்று படித்தால், எண்ணைப் பார்த்து மலைப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: யாரைக் கேட்டார்கள்? எப்போது கேட்டார்கள்? எப்படிக் கேட்டார்கள்?

இந்த மூன்று கேள்விகளும் உங்களுக்குப் புதிதா என்ன? ஆபீஸிலிருந்து நேரம் கழித்து வரும் வீட்டுக்காரரிடம் தினமும் கேட்டுப் பழகியவைதானே!