ஆறு புள்ளிகள்



கண் தெரியாத பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், "அதன் தலையெழுத்து, ஒரு மூலையில் இருக்கட்டும்" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. பாசத்தினால் வரும் பேச்சுத்தான். ஆனால் அந்தப் பிள்ளை பிறருக்கு என்ன கொடுக்க முடியும் என்று நாம் கேட்பதே இல்லை. இன்று அதைச் சிந்திப்போம்.

பிரான்சு நாட்டில் 1809-இல் குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர் லூயி பிரெயில். மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் விளையாடியபோது, தோலைத் துளையிடும் கூர்மையான கருவி ஒரு கண்ணைக் குத்திவிட்டது. நோய் மறுகண்ணுக்கும் பரவி, பார்வை முழுவதும் போயிற்று. பால்வெட்டுக் கத்தியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பாரிசு நகரின் பார்வையற்றோர் பள்ளியில் அவர் மாணவராக இருந்தபோது, இராணுவ அதிகாரி ஒருவர் அமைத்த பன்னிரண்டு புள்ளி எழுத்துமுறை அங்கு வந்தது. அந்த எழுத்து விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பிரெயில் அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1824-இல் அம்முறை உருவானபோது அவருக்கு வயது 15. கூர்முனைக் கருவியால் தாளில் குத்தினால், மறுபுறம் புள்ளி புடைத்து நிற்கும். தம் கண்ணைப் பறித்தது போன்ற ஒரு கருவியாலேயே பார்வையற்றோர் அனைவருக்கும் படிப்பைத் தந்தார் அந்த மாணவர்!

ஆறு புள்ளிகளால் 63 வடிவங்கள் அமையும். தமிழையும் அப்படி எழுதலாம். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. இடப்பக்க மேற்புள்ளி மட்டும் இருந்தால் 'அ'. அதனுடன் இடப்பக்கக் கீழ்ப்புள்ளியும் சேர்ந்தால் 'க'. இதைக் கற்ற பிள்ளை, கெட்டி அட்டையில் கொண்டைக்கடலையைப் பசையால் ஒட்டி, தன்னைப் போன்ற இளைய பிள்ளை தடவிப் படிக்க முதல் எழுத்து அட்டை செய்து கொடுக்கலாம். செலவு சொற்பம், உதவி பெரிது. உதவி பெற்ற கையே உதவி செய்யும்போது, பிள்ளையின் தலை தானாக நிமிரும்.

செலாயாங் வட்டாரத்துப் பெற்றோர்களே, முதலில் செலாயாங் மருத்துவமனையின் கண் பிரிவில் பிள்ளையைக் காட்டுங்கள். பார்வை திரும்பாது என்றால் மனம் தளர வேண்டாம். செத்தாபாக்கில் பார்வையற்ற மாணவர்களுக்கான இடைநிலைப்பள்ளி இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் 1951-இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. போய் விசாரியுங்கள்.

மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் விரல்கள் வேலைக்குக் காத்திருக்கின்றன.