சேத்துப்பட்டில் கேட்ட கேள்வி

காசநோய் வந்துவிட்டால் சானடோரியத்துக்குத்தான் போக வேண்டும். எழுபது ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்களும் நோயாளிகளும் ஒருசேர நம்பியது இதைத்தான். சுத்தமான காற்று, படுக்கை ஓய்வு, பாலும் முட்டையுமாகச் சத்தான சாப்பாடு, குடும்பத்தை விட்டு விலகி மாதக்கணக்கில் வாசம். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த மருத்துவமனையை டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கினார். அப்படிப்பட்ட இடங்களில் படுக்கை கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. கிடைத்தாலும், கூலி வேலைக்குப் போய் வீட்டைக் காப்பாற்றுகிறவர் ஒரு வருடம் அங்கே போய்ப் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

இந்த நிலையில்தான் சென்னையில் ஒரு கேள்வி எழுந்தது. மருந்தைக் கையில் கொடுத்து, நோயாளியை அவருடைய வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்த்தால் குணமாகுமா, ஆகாதா? இதற்கு விடை காணவே 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தை அமைத்தன. பிரிட்டிஷ் மருத்துவரான வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்த வந்தார். இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் வளர்ச்சிதான்.

நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் ஆய்வில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போக, மற்றவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். யார் எங்கே என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் தீர்மானித்தது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் குலுக்கலா என்று முதலில் கேட்பவருக்கு மனம் துணுக்குறும். ஆனால் தேர்வை மருத்துவரிடம் விட்டால் என்ன ஆகும்? நோய் முற்றியவரை அவர் இரக்கப்பட்டுச் சானடோரியத்துக்கு அனுப்புவார்; கொஞ்சம் தெம்பாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவார். ஒரு வருடம் கழித்து வீட்டில் இருந்தவர்கள் நன்றாக இருந்தால், அது வைத்தியத்தின் பலனா, முதலிலேயே அவர்கள் உடம்பு தேறியிருந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கல் போட்டால் இரண்டு பக்கமும் நோயாளிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி அமைவார்கள். அதன் பிறகு தெரியும் வித்தியாசத்தை வைத்தியத்தின் கணக்கில் எழுதலாம்.

இந்த முறையை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிட்டனில் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் செம்மைப்படுத்தியிருந்தார். அப்போது ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குப் புது மருந்து. போருக்குப் பிந்தைய பிரிட்டனிடம் எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்கு அது இல்லை. 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்தோடு படுக்கை ஓய்வு, 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. நோயாளி தகுதியானவர் என்று முடிவான பிறகே உறையைப் பிரித்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், ஓய்வு மட்டும் எடுத்தவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். முடிவு 1948-ல் வெளியானபோது ஸ்ட்ரெப்டோமைசினின் மதிப்பு ஐயமின்றி நிலைபெற்றது. ஆனால் ஐந்து ஆண்டு முடிவில் இரு பக்க இறப்பும் கிட்டத்தட்ட நெருங்கிவிட்டது. ஒரே மருந்தைத் தொடர்ந்து கொடுத்ததில் கிருமி அதற்குப் பழகி, எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது. காசநோய்க்கு ஒற்றை மருந்து போதாது என்ற பாடம் இப்படித்தான் கிடைத்தது. சென்னையில் ஐசோனியாசிட், பாஸ் என்று இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததற்கும் இதுவே காரணம்.

பாஸ் லேசான மருந்தல்ல. நாள்தோறும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். இருமல் நின்று உடம்பு கொஞ்சம் தேறியதும் மருந்தை நிறுத்திவிடத் தோன்றுவது மனித இயல்பு. சானடோரியத்தில் என்றால் செவிலியர் பக்கத்தில் நின்று விழுங்க வைப்பார். வீட்டில் யார் பார்ப்பது? மையத்தின் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மீதமிருந்த மருந்தை எண்ணினார்கள், சிறுநீர் மாதிரி வாங்கி வந்து மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். சந்தேகப்படுவதுபோல் இது தோன்றலாம். ஆனால் மருந்து தோற்றதா, மருந்தை எடுக்காததால் வைத்தியம் தோற்றதா என்று தெரியாமல் வெளியிடும் முடிவு பொய்யான முடிவு. இந்த அக்கறையைத்தான் நான் அந்த ஆய்வின் உயர்ந்த பகுதியாக நினைக்கிறேன். நோயாளியைக் கண்ணெதிரே மருந்து விழுங்கச் செய்யும் முறை பிற்பாடு உலகம் முழுவதும் பரவியதற்குச் சென்னையின் அனுபவமும் ஒரு வேர்.

1959-ல் முடிவுகள் வெளியாயின. ஒரு வருடச் சிகிச்சைக்குப் பின் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் எப்படிப்பட்ட சூழலில் இருந்தார்கள் என்பதை நினைத்தால்தான் இந்த எண்களின் கனம் புரியும். நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, ஓய்வில்லாத உழைப்பு. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடையும் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். இருந்தும் கிருமியை ஒழிப்பதில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிலை.

இன்னொரு பயமும் இருந்தது. நோயாளியை வீட்டில் வைத்தால் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடாதா? குடும்பத்தினரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் வைத்தியம் பார்த்த குடும்பங்களில் நோய் அதிகம் பரவவில்லை. தொற்றியதெல்லாம் பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, மருந்து தொடங்காத நாட்களில் தொற்றியிருந்தது. மருந்து உள்ளே போனதும் நோயாளியிடமிருந்து கிருமி வெளிவருவது வேகமாகக் குறைந்துவிடும். உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்ததில் இந்த முடிவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1962-ல் இந்தியா தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டமும் வீட்டுச் சிகிச்சையை நம்பியே அமைந்தது.

நம் மண்ணில் நடந்த இன்னொரு ஆய்வு கசப்பான பதிலைத் தந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு பி.சி.ஜி. தடுப்பூசியோ, மருந்தில்லாத வெற்று ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது. 15 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து அது காப்பதை வேறு ஆய்வுகள் காட்டியிருப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம், போடத்தான் வேண்டும். விரும்பாத பதிலையும் மறைக்காமல் வெளியிட்டதால்தான் புதிய தடுப்பூசிக்கான தேடல் இன்றும் தொடர்கிறது.

ஒரு ஆய்வு, அதனிடம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சென்னை ஆய்வு சொன்னது, குறைந்த உணவிலும் மருந்து வேலை செய்யும் என்பதை. நல்ல உணவு கிடைத்தால் குடும்பத்தில் மற்றவர்களுக்கு நோய் வராமல் தடுக்க முடியுமா என்று அது கேட்கவே இல்லை. ஆனாலும் காசநோய் ஒழிப்பில் மருந்து முன்னுக்கு வந்து, சாப்பாடு பல பத்தாண்டுகள் பின்னுக்குப் போனது.

அந்தக் கேள்வியை ஜார்க்கண்டில் கேட்டார்கள். மங்களூருவைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு 2019-ல் தொடங்கியது. சென்னை நிறுவனமும் அதில் கைகோத்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பை கிடைத்தது. குலுக்கலில் தேர்வான பகுதிகளில் மட்டும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ வரை அரிசியும் ஒன்றரைக் கிலோ வரை பருப்பும், சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். விலை உயர்ந்த மருந்தோ கருவியோ கிடையாது. 2023-ல் வெளியான முடிவு: உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளிடமும் ஒரு விஷயம் தெரிந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 60 விழுக்காடு குறைவாக இருந்தது. நோயாளிக்கும் அவர் வீட்டுக்கும் சாப்பாடு கொடுப்பதைத் தருமக் கணக்கில் வைக்காமல், வைத்தியச் செலவாக அரசுகள் எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் கருத்து.

அரிசியும் பருப்பும் வாங்கிய ஜார்க்கண்டுக் குடும்பங்களும், கதவைத் தட்டியவருக்குச் சிறுநீர் மாதிரி கொடுத்த சென்னைக் கூலித் தொழிலாளிகளும் யார் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் சம்மதிக்காவிட்டால் இந்த அறிவு எதுவும் இல்லை. நாளை உங்களையோ உங்கள் வீட்டாரையோ ஒரு ஆய்வில் சேரச் சொன்னால் பயந்து ஓடவும் வேண்டாம், படிக்காமல் கையெழுத்து போடவும் வேண்டாம். என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள், எனக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது, பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்று தமிழிலேயே கேளுங்கள். நடுவில் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு.

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் மற்ற எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்; அரசு மருத்துவமனையில் அது இலவசம். நோயாளியின் எடையை மாதாமாதம் குறித்து வையுங்கள். கூடவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சைக் காலம் முழுவதும் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.