வீடு மாறுகிறீர்களா? அட்வான்சுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தைப் பாருங்க!

சென்னை:-

மே மாதம் வந்துவிட்டால் சென்னையில் குட்டி யானை வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. பீரோ, கட்டில், கியாஸ் சிலிண்டர், எல்லாவற்றுக்கும் மேலே கயிறு போட்டுக் கட்டிய சைக்கிள் என்று தெருவுக்கு ஒரு குடும்பமாவது இடம் மாறிக்கொண்டிருக்கும். வாடகை ஏறியிருக்கும். ஓனர் காலி செய்யச் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் அப்பாவின் வேலை ஒரகடத்துக்கோ, ஸ்ரீபெரும்புதூருக்கோ போயிருக்கும். பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்து மே மாதத்தில் மூட்டை கட்டுகிறார்கள்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் எதையெல்லாம் விசாரிக்கிறார்கள்? வாடகை எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கரண்டு யூனிட்டுக்கு எவ்வளவு, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம். பள்ளிக்கூடம்? "அது பக்கத்துல எங்கயாவது இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஜூன் மாதம் கதவு திறக்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது.

சென்னையில் 10 மாத வாடகையை அட்வான்சாக வாங்குவது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது செல்லும் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் பழைய வழக்கம் இன்னும் போய் வருகிறது. 8 ஆயிரம் ரூபாய் வாடகை என்றால் 80 ஆயிரம் ரூபாய் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பள்ளி சரியில்லை, ரோடு கடக்க முடியவில்லை என்று தெரிந்தால் எங்கே போவது? அதனால்தான் பள்ளியை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் வீட்டுக்காரரிடம் பேச்சு கொடுக்க வேண்டும்.

யாருடைய பள்ளி?

போர்டைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் "சென்னை தொடக்கப் பள்ளி", "சென்னை நடுநிலைப் பள்ளி" என்று எழுதியிருந்தால் அது மாநகராட்சிப் பள்ளி. எல்லையைத் தாண்டி ஊரப்பாக்கம், வண்டலூர் பக்கம் போனால் "ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி" என்று இருக்கும். நடுவில் பெருங்களத்தூர் போன்ற இடங்கள் 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகின்றன. "அரசு உதவி பெறும் பள்ளி" என்று போட்டிருந்தால் நடத்துவது தனியார் நிர்வாகம், ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. வடசென்னையில் பழைய மிஷன் பள்ளிகள் பலவும் இந்த ரகம்.

தொடக்கப் பள்ளி என்றால் 1 முதல் 5-ம் வகுப்பு வரை. நடுநிலைப் பள்ளி என்றால் 1 முதல் 8 வரை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. 4-ம் வகுப்புப் பிள்ளையைத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தால் இரண்டே வருடத்தில் மறுபடியும் பள்ளி தேட வேண்டும். நடுநிலைப் பள்ளி பக்கத்திலேயே இருந்தால் 8-ம் வகுப்பு வரை கவலை இல்லை.

எவ்வளவு தூரம்?

2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டப்படி, தொடக்கப் பள்ளி வீட்டிலிருந்து 1 கிலோ மீட்டருக்குள் இருக்க வேண்டும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 3 கிலோ மீட்டர். சட்டம் தூரத்தைத்தான் அளக்கிறது. நடுவில் என்ன இருக்கிறது என்பதைப் பெற்றோர்தான் நடந்து பார்க்க வேண்டும். அரை கிலோ மீட்டரில் பள்ளி இருக்கும், நடுவில் ஜி.எஸ்.டி. ரோடு ஓடும். அல்லது ரெயில்வே தண்டவாளம் கிடக்கும். 6 வயதுப் பிள்ளை தனியாகக் கடக்க முடியுமா? முடியாது என்றால் தினமும் யாராவது ஒருத்தர் வேலைக்கு லேட்டாகப் போக வேண்டும். வாடகையில் மிச்சம் பிடித்தது சம்பளத்தில் போய்விடும்.

இதற்குக் காலை 8½ மணிக்குப் போய்ப் பார்ப்பதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலியாகக் கிடக்கும் ரோட்டைப் பார்த்துவிட்டு முடிவு எடுத்தால் ஏமாற்றம்தான். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். 2015 வெள்ளத்தையும், 2023 டிசம்பர் புயல் மழையையும் மறந்தவர்கள் இந்த ஊரில் இல்லை. பள்ளமான இடத்துப் பள்ளி என்றால் மழை நின்ற பிறகும் திறக்க நாளாகும். மேடான இடத்துப் பள்ளி என்றால் நிவாரண முகாமாக மாறிவிடும்.

காலைச் சாப்பாடும் இதோடு சேர்ந்த கணக்குதான். விடிந்ததும் வீட்டு வேலைக்குக் கிளம்பும் அம்மாக்களுக்கு இது பெரிய விஷயம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உதவி பெறும் பள்ளிகளில் கிராமங்களுக்கு 2024-லும், நகரங்களுக்கு 2025 ஆகஸ்டிலும் விரிவானது. உப்புமா, பொங்கல், கிச்சடி என்று முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே பரிமாறி முடித்துவிடுவார்கள். தூரத்திலிருந்து ஓடிவரும் பிள்ளைக்குப் பந்தி முடிந்திருக்கும்.

5 வகுப்புக்கு 2 டீச்சர்

வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, உள்ளே எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 90 வரை 3 பேர், 120 வரை 4 பேர், 200 வரை 5 பேர். 150-ஐத் தாண்டினால் இவர்களோடு தனியாக ஒரு தலைமை ஆசிரியர்.

அதாவது 50 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 5 வகுப்புக்கும் 2 டீச்சர்தான். 1, 2, 3-ம் வகுப்பு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். இது சட்டத்தை மீறியது அல்ல. சட்டமே அப்படித்தான். ஒரு டீச்சர் பயிற்சிக்கோ, லீவிலோ போய்விட்டால் மிச்சம் இருப்பவர் ஒருவர். அதற்காகச் சின்னப் பள்ளி என்றாலே மோசம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. பிள்ளையின் பெயர், வீடு, எழுத்தில் எங்கே திணறுகிறது என்பதெல்லாம் தெரிந்து வைத்திருக்கும் டீச்சர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

எது எப்படி என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. புது வீட்டுத் தெருவில் அந்தப் பள்ளியில் 3-ம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்ப்பது. தேதி போட்டு எழுதியிருக்கிறதா, டீச்சர் திருத்தியிருக்கிறாரா, திருத்தியதைப் பிள்ளை மறுபடி எழுதியிருக்கிறதா? எந்த விளம்பரமும் சொல்லாததை அந்த நோட்டு சொல்லிவிடும். அடுத்தது கழிப்பறை. தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அங்கே படிக்கும் பெண் பிள்ளைகளின் அம்மாக்களைக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டம் உண்மையில் நடக்கிறதா, கையெழுத்து மட்டும் வாங்குகிறார்களா என்று அந்தக் குழுவில் இருக்கும் ஒரு அம்மாவிடம் கேட்டாலும் பள்ளியின் நிலவரம் புரிந்துவிடும்.

தமிழா, இங்கிலீஷா?

சேர்க்கைப் படிவத்தில் யோசிக்காமல் டிக் அடிக்கும் இடம் இதுதான். அரசுப் பள்ளிகள் பலவற்றில் இப்போது இங்கிலீஷ் மீடியமும் இருக்கிறது. "இங்கிலீஷ்தானே சோறு போடும்" என்று பெற்றோர் அதில் சேர்த்துவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. இது 2010-ல் வந்த சட்டம். 2020-ல் அதைத் திருத்தினார்கள். டிகிரி மட்டும் தமிழில் படித்தால் போதாது. 1-ம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஆக, 5 வயதில் அடிக்கும் டிக் 25 வயதில் டி.என்.பி.எஸ்.சி. எழுதும்போது முன்னால் வந்து நிற்கும். இதை எந்த ஆபீசிலும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். வீடு மாறும்போது, "தமிழ் மீடியத்தில் இடம் இல்லை, இங்கிலீஷ்ல போட்டுடவா?" என்று கேட்டால் சட்டென்று தலையாட்டிவிடக் கூடாது.

இதேபோல மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் வந்தது. என்ஜினீயரிங், சட்டம், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கு 2021-ல் விரிவாக்கினார்கள். இதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. 5-ம் வகுப்பு வரை உதவி பெறும் பள்ளியில் படித்தால் ஒன்றும் நஷ்டமில்லை. 6-ம் வகுப்புக்கு அதே பக்கம் அரசுப் பள்ளி இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

25 சதவீத இடம் கூடவே வராது

தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் சீட் வாங்கிய குடும்பங்கள் வீடு மாறும்போது இருமுறை யோசிக்க வேண்டும். அந்த இடம் எந்தப் பள்ளியில் கிடைத்ததோ அந்தப் பள்ளியோடு சரி. புது ஏரியாவில் இன்னொரு தனியார் பள்ளிக்குப் போய், "அதே கோட்டாவுல மாத்திக் குடுங்க" என்று கேட்கச் சட்டத்தில் வழியில்லை. பள்ளி மாறும் உரிமையைச் சொல்லும் பிரிவே தனியார் பள்ளிகளை விலக்கி வைத்திருக்கிறது. அரசுப் பள்ளிக்கோ, உதவி பெறும் பள்ளிக்கோதான் மாறலாம்.

புதிதாக விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஒதுக்கீட்டில் வீட்டு முகவரியிலிருந்து தூரத்தைக் கணக்குப் பார்க்கிறார்கள். ரேஷன் கார்டில் பழைய முகவரியே இருந்தால் கணக்கு பழைய ஏரியாவுக்குப் போய்விடும். விண்ணப்பம் திறப்பதற்கு முன்னாலேயே முகவரியை மாற்றிவிட வேண்டும்.

"டி.சி. எங்கே?"

பெற்றோரை அதிகம் அலைய வைப்பது இந்தக் கேள்விதான். பழைய பள்ளியில் "பாக்கி ஃபீஸைக் கட்டுங்க, டி.சி. தர்றோம்" என்பார்கள். புதுப் பள்ளியில் "டி.சி. கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். நடுவில் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்கு, டி.சி. வர லேட்டாகிறது என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியிலோ சேர்க்கையை மறுக்கவும் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. சட்டத்தின் 5-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. டி.சி.யை இழுத்தடிக்கும் தலைமை ஆசிரியர் மீதுதான் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டும் உத்தரவிட்டது. பாக்கி இருந்தால் அதை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு வழி இருக்கிறது. பிள்ளையின் படிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை.

பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றோ, பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது என்றோ திருப்பி அனுப்பவும் முடியாது. ஆதார் இல்லை என்று பிள்ளையை மறுக்கக் கூடாது என்பது 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

இதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. நடைமுறையில் எப்படி என்பதற்கு, 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விடப்பட்ட குடும்பங்களே சாட்சி. அவர்கள் வீட்டையும் தேர்ந்தெடுக்கவில்லை, பள்ளியையும் தேர்ந்தெடுக்கவில்லை. நடுக் கல்வியாண்டில், பரீட்சைக்குச் சில மாதம் இருக்கும்போது மூட்டை கட்டினார்கள். பழைய பள்ளியிலேயே வருடத்தை முடிக்கப் பல மைல் பஸ்சில் போய் வந்த பிள்ளைகளும் உண்டு, அப்படியே நின்றுவிட்ட பிள்ளைகளும் உண்டு.

டி.சி. கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்ற கம்ப்யூட்டர் பதிவில் ஒரு நம்பர் உண்டு. பழைய பள்ளி அந்தப் பெயரைத் தங்கள் கணக்கிலிருந்து விடுவித்துப் பொதுப் பட்டியலுக்கு அனுப்பினால்தான் புதுப் பள்ளி அதை எடுத்துக்கொள்ள முடியும். அதுவரை பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் கம்ப்யூட்டரில் பழைய பள்ளி மாணவர்தான். இலவசப் புத்தகம், சீருடைக் கணக்கு எல்லாம் இந்தப் பதிவை வைத்துத்தான் போகிறது. அதனால் பழைய பள்ளிக்குக் கடைசியாகப் போகும் அன்றைக்கே எமிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல பேரை விடுவிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வருவது நல்லது. விடுவிக்க மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் கேட்கலாம்.