கேள்வி கடந்து வந்த தூரம்

1969-ல் ஆக்ஸ்போர்டில் அலிஸ்டர் ஹார்டி சமய அனுபவங்களுக்கென ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். கடல் உயிரியலில் பேர்பெற்றவர் அவர். மிதவை உயிரிகளைச் சேகரித்து வகை பிரித்த பொறுமையோடு மனிதர்களின் அனுபவங்களையும் சேகரிக்க முனைந்தார். செய்தித்தாள்கள் வழியே அவர் கேட்டது ஒன்றுதான்: கடவுள் என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும், உங்களுக்கு அப்பாற்பட்ட ஒரு சக்தியை உணர்ந்ததுண்டா, அதன் தாக்கத்துக்கு உள்ளானதுண்டா?

பதில்கள் கடிதங்களாக வந்தன. முதல் 3,000 பதிவுகளை வைத்து 1979-ல் நூல் எழுதினார். இதற்கிடையே, 1976-ல் பிரிட்டனில் நடந்த கருத்துக்கணிப்பில் ஏறத்தாழ அதே கேள்விக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானவர்கள் ஆம் என்றார்கள். கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் ஒரே மொழி. பொருளும் ஒன்றே என்று கொள்வது எளிதாக இருந்தது.

மொழி மாறும்போது அந்த நிம்மதி போய்விடுகிறது. 1970-ல் உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின் விளக்கிய மீள்மொழிபெயர்ப்பு வெகுகாலம் கைகொடுத்தது. ஒருவர் பெயர்த்ததை, மூலத்தைப் பாராத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்குவார்; இரண்டும் ஒத்துப்போனால் சரி. ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலே ஒத்துப்போகும். கேட்டவர் காதில் அது எப்படி விழுந்தது என்பதை அந்த முறை சொல்லாது.

2005-ல் சீனாவில் 3,196 பேரிடம் நடந்த ஆய்வு இந்தச் சிக்கலை நேரில் சந்தித்தது. பொதுவாக ஒரு சக்தி என்று கேட்பதோடு நிற்காமல், விதி, புத்தர், முன்னோர் என அந்த மண்ணின் பெயர்களை வரிசையாக வைத்துக் கேட்டார்கள். தம்மைச் சமயவாதி என்றவர்கள் 8.7 சதவீதம். ஏதோ ஒரு சக்தியை உணர்ந்ததாகச் சொன்னவர்கள் 56.7 சதவீதம்.

இன்று மொழிபெயர்ப்பு வேலை கூட்டாக நடக்கிறது. 2002 முதல் நடந்துவரும் ஐரோப்பிய சமூகக் கணக்கெடுப்பில் இருவர் தனித்தனியே பெயர்ப்பார்கள். பிறகு குழுவாக அமர்ந்து விவாதித்து, சிலரிடம் கேட்டுப் பார்த்து, எடுத்த முடிவுகளையும் எழுதிவைப்பார்கள். அமெரிக்காவில் சமய ஆய்வாளர் ஆன் டேவ்ஸ் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் அவர்கள் உருவாக்கிய வினாத்தொகுப்பு, நேர்ந்ததையும் அதற்குச் சொல்லும் காரணத்தையும் பிரித்துக் கேட்கிறது. விழித்திருந்தும் கைகால் அசையவில்லை என்பது நேர்ந்தது. அமுக்குவான் பேய் என்பது காரணம். கேள்வியை என்னவாகப் புரிந்துகொண்டீர்கள் என்று பதில் சொல்பவரிடமே விசாரித்து, புரியாதவற்றைத் திருத்துகிறார்கள்.

இதனால் இரு நாட்டு எண்களை அருகருகே வைக்கும்போது, அவை ஒரே விஷயத்தைப் பற்றியவை என்று நம்ப முடிகிறது. ஹார்டிக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அவர் தொடங்கிய தொகுப்பு பின்னர் வேல்ஸின் லாம்பீட்டருக்கு இடம்பெயர்ந்தது; பதிவுகள் 6,000-ஐத் தாண்டிவிட்டன. அதில் நிகழ்வும் விளக்கமும் பிரியாமல் கலந்தே கிடக்கின்றன, வாழ்ந்தவருக்கு அவை இருந்தபடியே. அவரது கேள்வி மங்கலானது. அதனாலேயே பக்கம் பக்கமாக எழுத இடம் தந்தது. எது சொல்லத் தகுந்த அனுபவம் என்பதை அன்று கடிதம் எழுதியவர் தீர்மானித்தார். இன்று அதைப் பெரும்பாலும் பட்டியல் போடுபவர் தீர்மானிக்கிறார்.