சரக்கு லாரிகளின் பாதுகாப்பும் உள்ளூர்க் காவல் துறையின் பங்கும்

சரக்கு லாரிகள் பாதுகாப்பு விதிகளின்படி ஓடுகின்றனவா என்பதைச் சாலையில் கண்காணிப்பது காவல் துறை, போக்குவரத்துத் துறை ஆகிய இரண்டின் கூட்டுப் பொறுப்பாகும். இந்தியாவில் இதற்கு அடிப்படையாக உள்ளது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம் 2019இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலிலும் காவல் மாநிலப் பட்டியலிலும் வருகின்றன. எனவே விதிகள் பெரும்பாலும் மத்திய அரசால் வகுக்கப்பட, அவற்றைச் சாலையில் செயல்படுத்துவது மாநிலத்தின் பணியாகிறது.

அதிக பாரம் ஏன் ஆபத்து?

ஒவ்வொரு லாரியின் பதிவுச் சான்றிலும் அதன் மொத்த எடை வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் எடையும் சரக்கின் எடையும் சேர்ந்ததே இந்த மொத்த எடை. முன்னால் இரண்டு, பின்னால் நான்கு சக்கரங்கள் கொண்ட இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்த வரம்பு, 2018 ஜூலையில் 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது.

இந்த வரம்பின் பொருளை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 18.5 டன் எடையுள்ள லாரி, வேகம் கூடாமல் 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொள்வோம். அப்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1.8 கோடி ஜூல். சுமார் 62 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும். அதே லாரியில் 5 டன் கூடுதலாக ஏற்றினால் 79 லிட்டர் தண்ணீர் கொதிக்கும் அளவுக்கு வெப்பம் உண்டாகும். குறைந்த கியரில் இறங்கினால் இதில் ஒரு பகுதியை என்ஜின் தாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கினாலோ ஏறக்குறைய முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறினால் அதன் பிடிப்புக் குறைந்து, மிதித்தாலும் வண்டி நிற்காது.

அதிக பாரம் சாலையையும் கெடுக்கிறது. அச்சின் மேல் விழும் எடை கூடும்போது சாலையின் தேய்மானம் ஏறத்தாழ அதன் நான்காம் படி அளவில் கூடும் என்பது சாலைப் பொறியியலில் பயன்படும் கணக்கு. இதன்படி 20 விழுக்காடு கூடுதல் எடை, சேதத்தை இரு மடங்காக்கிவிடும்.

காவலர் எதைச் சோதிக்கலாம்?

சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் தம் உரிமத்தைக் காட்ட வேண்டும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள மின்னணு ஆவணங்களும் செல்லும். லாரியைப் பொறுத்தவரை காவலர் கவனிக்கும் முக்கியமானவை:

- கனரக வாகன ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, பெர்மிட், தகுதிச் சான்று.
- மதுப் பழக்கம். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம்.
- வேகம், ஆபத்தான ஓட்டுதல், ஓட்டும்போது கைபேசிப் பயன்பாடு.
- எரியாத பின்விளக்குகள், இல்லாத ஒளிர்பட்டைகள், தேய்ந்த டயர்கள், வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள்.
- சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிச் செல்லுதல்.

தகுதிச் சான்று என்பது பேச்சு வழக்கில் எஃப்.சி. எனப்படுவது. வண்டியின் எட்டாம் ஆண்டு வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் இதனைப் புதுப்பிக்க வேண்டும். உரிமமோ பதிவோ பெர்மிட்டோ இல்லாமல் ஓடும் வண்டியைச் சிறைபிடிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 207ஆம் பிரிவு காவல் துறைக்கும் அளிக்கிறது.

எடை போடும் அதிகாரம் யாருக்கு?

இங்குதான் இரு துறைகளின் எல்லை தெரிகிறது. லாரியை எடைமேடைக்குக் கொண்டுசெல்லும்படி உத்தரவிடும் அதிகாரத்தை 114ஆம் பிரிவு, மாநில அரசால் அதிகாரம் அளிக்கப்பட்ட மோட்டார் வாகனத் துறை அலுவலருக்குத் தருகிறது. நடைமுறையில் இவர் மோட்டார் வாகன ஆய்வாளர் ஆவார். எடைமேடை, லாரி செல்லும் திசையில் 10 கிலோமீட்டருக்குள்ளோ சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும்.

இரவும் பகலும் சாலையில் இருப்பவர்கள் ரோந்துக் காவலர்கள். எடை போட அதிகாரம் உள்ள ஆய்வாளரோ ஓட்டுநர் உரிமத் தேர்வு, வாகனத் தகுதிச் சோதனை எனப் பல பணிகளுக்கிடையே சாலைக்கு வருபவர். பட்டை வளைந்து, டயர் நசுங்கி வரும் லாரியைக் கண்டால் பாரம் அதிகம் என்று காவலர் ஊகிக்கலாம். ஆனால் கண்ணால் கண்ட ஊகம் வழக்குக்குப் போதாது. எனவே இரு துறையினரும் ஒரே இடத்தில் சேர்ந்து நடத்தும் கூட்டுச் சோதனையே அதிக பாரத்தைத் தடுப்பதில் பயன் தருகிறது.

அபராதம்

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். 5 டன் கூடுதல் என்றால் 20,000 + 10,000 = 30,000 ரூபாய். எடை போட மறுத்தாலும், எடை போடுவதற்கு முன் சரக்கை இறக்கிவிட்டாலும் 40,000 ரூபாய்.

அபராதம் கட்டிவிட்டால் அதே பாரத்துடன் போகலாம் என்ற எண்ணம் தவறு. கூடுதல் சரக்கை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. இறக்கும் செலவும் அபராதத்துடன் சேரும். பணம் பெற்றுக்கொண்டு அதிக பாரத்தை அனுமதிக்கும் முறைகள் சில மாநிலங்களில் இருந்தன. அவை சட்டத்துக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றம் 2005இல், பரம்ஜித் பாசின் வழக்கில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, அதிக பாரம் ஏற்றிய ஓட்டுநரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்கும்படி 2015இல் மாநிலங்களை அறிவுறுத்தியது.

தொப்பூர் கணவாய்

தருமபுரி மாவட்டத்தில், தேசிய நெடுஞ்சாலை 44இல் உள்ள தொப்பூர் கணவாய் இவ்விதிகளின் தேவையை நன்கு காட்டும் இடம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் வண்டிகள் இங்கு நீண்ட இறக்கத்தில் வளைந்து இறங்க வேண்டும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் பல வாகனங்கள் அடுத்தடுத்து மோதி உயிர்கள் பலியாயின. லாரி நின்றால்தான் முன்னால் செல்லும் காரும் இருசக்கர வண்டியும் பிழைக்கும். இத்தகைய இடங்களில் லாரிகளைக் கணவாய்க்கு முன்பே நிறுத்தி, குறைந்த கியரில் இறங்கும்படி ஓட்டுநர்களிடம் சொல்லி அனுப்புவது வழக்குப் பதிவதைவிடப் பயனுள்ள காவல் பணியாகும். விபத்துக்குப் பின் பிரேக்கைச் சோதித்து அறிக்கை தருவது ஆய்வாளரின் வேலை; அதற்குள் இழப்பு நேர்ந்துவிடுகிறது.

ஓட்டுநரும் உரிமையாளரும்

எவ்வளவு சரக்கு ஏற்றுவது என்பதைப் பெரும்பாலும் ஓட்டுநர் முடிவு செய்வதில்லை. சரக்கு அனுப்புபவரும் உரிமையாளரும் முடிவு செய்கிறார்கள். சாலையில் பிடிபடுபவர் ஓட்டுநர். இதனை உணர்ந்தே 194ஆம் பிரிவு, ஓட்டுபவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் குற்றத்துக்கு உள்ளாக்குகிறது. ஓட்டுநர் பெயரில் ஒரு சலான் போட்டுவிட்டு, சரக்குச் சீட்டில் உள்ள அனுப்புநரை விசாரிக்காமல் விட்டால் இந்தப் பிரிவின் நோக்கம் நிறைவேறாது.

வேலை நேரத்திலும் இதே சிக்கல் உண்டு. 2025 வரை நடைமுறையில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலையை வரையறுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்று அது கூறியது. இடையே அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை என்பதை எந்த எடைமேடையும் காட்டாது. பின்னிரவில் தள்ளாடி வரும் லாரியை நிறுத்தி, ஓட்டுநரை முகம் கழுவச் செய்து, சற்று ஓய்வெடுக்கவிட்டு அனுப்பும் ரோந்துக் காவலர், சட்டம் எழுதிவைத்த அந்த அரை மணி நேரத்தையே சாலையில் பெற்றுத் தருகிறார்.